லேண்ட்ரோவருக்கு வந்த நோய்

வள்ளியப்பனுக்கு எஞ்சினைப் பற்றி இவ்வளவு தெரியும் என்பது அவர் மனைவி சிட்டாளுக்கே அன்றுதான் தெரிந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்குக் குடியிருக்கும் நாகேந்திரத்தின் கிழட்டு லேண்ட்ரோவருக்குள் தலையை விட்டபடி நின்றார். "கார்புரேட்டர்ல அடைப்புங்க. என் பேச்சைக் கேளுங்க" என்றார். புறக்கோட்டையில் பருப்பு மூட்டை விற்கிறவர் பேசுகிற பேச்சா இது என்று அவள் நினைத்தாள்.

காலையில் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்து, இங்கே ஜன்னல் கண்ணாடி ஆடியது. அதோடு வீதிகளை மூடிவிட்டார்கள். ஓர் ஓட்டோ இல்லை. வள்ளியப்பனின் காரும் டிரைவரும் கடையில் மாட்டிக்கொண்டார்கள். இந்த நேரம் பார்த்து நாகேந்திரத்தின் மனைவி பாக்கியலெட்சுமிக்கு ஆஸ்துமாத் தொய்வு வந்தது. வாயில் அடிக்கிற பம்ப் காலி. வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இழுக்கும் மூச்சு முற்றம் முழுக்கக் கேட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

நாகேந்திரம் நில அளவையாளர். வேலை பார்க்கும் அரசுத் திணைக்களம் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, பிள்ளையைப் போல வைத்திருந்தவர். அது புகை விடும், உறுமும், எண்ணெய் ஒழுகும். கிளம்பாமல் இருந்ததே கிடையாது. இன்று ஸ்டார்ட்டரை அமுக்கினால் எஞ்சின் கரகரவென்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

"நேற்றுப் பின்னேரமும் ஓடினனான் அக்கா. ஒண்டும் விளங்கேல்ல" என்றார் சிட்டாளிடம். மறுபடியும் ஸ்டார்ட்டரை அமுக்கினார்.

எதிர்வீட்டுச் சிங்கள பஸ் டிரைவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பெட்ரோல் குழாயைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் நெம்புகோலைக் கையால் அடித்தார். பெட்ரோல் பீச்சியது. அப்படியானால் பெட்ரோலில் குறையில்லை. ஆனால் வள்ளியப்பன் விடவில்லை. கார்புரேட்டரைத் திறந்து ஊதினால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாக நின்றார். வீட்டுக்காரர் பேச்சைத் தட்ட முடியாமல் அதையும் திறந்து, ஊதி, மூடினார்கள். வண்டி அசையவில்லை. பாக்கியலெட்சுமி தலையைக் குனிந்து இன்னும் சத்தமாக இழுத்தாள்.

டிரைவர் ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து, ஸ்டார்ட்டரை அமுக்கச் சொன்னார். பொறி வரவில்லை.

"கரண்ட் நே, மாத்தயா" என்று, கரண்ட் வரவில்லை எனக் கையை விரித்தார்.

"அப்ப பிளக்குத்தான் போச்சு. நாலையும் கழட்டித் தேய்ங்க. நான் தேய்க்கிறேன், கொண்டாங்க!" வள்ளியப்பன் குந்தி உட்கார்ந்து பிளக்கை வேட்டி முனையில் தேய்க்கத் தொடங்கினார்.

டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடியின் கிளிப்பைத் தட்டித் திறந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ரோட்டர் இல்லை. யாரோ கழட்டி எடுத்திருக்கு." தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, கட்டைவிரலைக் காட்டினார். "இவ்வளவுதான். மண்ணிறம். மேலே பித்தளை."

சிட்டாள் வள்ளியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். குண்டுச் சத்தத்துக்குப் பிறகு விளக்கேற்றப் போனபோது அந்தச் சாமானைப் பார்த்திருந்தாள். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. "கடைச் சாமான், தொடாதே" என்று சொல்லியிருந்தார் வள்ளியப்பன். முன்பு அவர்களிடம் மொரிஸ் கார் இருந்த காலத்தில், அந்தக் கார் டிரைவர் ராத்திரிக்கு ராத்திரி அதே போன்ற ஒன்றைக் கழற்றி வள்ளியப்பன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவான். அது இல்லாவிட்டால் எந்தத் திருடனாலும் காரைக் கிளப்ப முடியாது.

ஏன் எடுத்தார் என்பதும் விளங்கியது. போன கிழமை வீடு வீடாகத் தமிழ் ஆட்களைப் பதிவு செய்ய வந்த பொலிஸ்காரர்கள், குடியிருப்பவர்களின் வண்டியால் ஏதும் நடந்தால் வீட்டுக்காரன்தான் பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிப் போனார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. யாழ்ப்பாணத்தான் வண்டியோடு என் பெயரைச் சேர்த்துவிடுவார்கள் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். பயப்படட்டும். கொழும்பில் பயமில்லாத தமிழன் யார்? ஆனால் பத்தடி தூரத்தில் ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கும்போது, பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாரே! இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டேன்!

உள்ளே போனாள். பிள்ளையாருக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து வந்து டிரைவரிடம் நீட்டினாள்.

வள்ளியப்பன்தான் முதலில் பேசினார்.

"அட, உள்ளேயா கிடந்துச்சு? எலி இழுத்துட்டுப் போயிருக்கும்!"

"ஆமா, எலிதான்" என்றாள் சிட்டாள். "வேட்டி கட்டின எலி."

டிரைவர் ரோட்டரைப் பொருத்தி மூடியை அழுத்தினார். முதல் அமுக்கிலேயே வண்டி உறுமிப் பிடித்துக்கொண்டது. நாகேந்திரம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மனைவியைத் தூக்கி உட்காரவைத்தார். சிட்டாள் அடையாள அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் ஏறினாள்.

வள்ளியப்பன் ஓடி வந்து வண்டியின் கதவைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா? செக்பொயிண்ட்ல கேப்பான். என் பேரை மட்டும் எடுத்துராதே, சொல்லிட்டேன்."

"கையை எடுங்க. கிரீஸ் ஒட்டுது" என்றாள்.

ஆமர் வீதியில் தடுப்பைப் போட்டிருந்தார்கள். ஆமிக்காரப் பையன் நாகேந்திரத்தின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. அவன் கையிலிருந்த துவக்கின் குழல் மெல்ல உயர்ந்தது. பாக்கியலெட்சுமி சிட்டாளின் தோளில் சரிந்து கிடந்தாள். மூச்சின் விசில் சத்தமும் மெலிந்துகொண்டு வந்தது.

"மே வாகனே காகெத?" வண்டி யாருடையது என்று கேட்டான்.

நாகேந்திரம் வாயைத் திறக்குமுன் சிட்டாள் தன் கொழும்பு அட்டையை நீட்டினாள். "அபே" என்றாள். எங்களுடையதுதான் என்று, தனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் அழுத்திச் சொன்னாள். வீட்டு இலக்கம் சொன்னாள். புறக்கோட்டைக் கடையைச் சொன்னாள். இவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பையன் பேனாவை எடுத்தான்.

அவன் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளட்டும் என்று, புருஷனின் பெயரை நிறுத்தி நிறுத்தி இரண்டு தரம் சொன்னாள்.