நீலக் கோடு போட்ட சொல்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரமாம் ஆண்டு, இலங்கையின் கல்பிட்டியில் ஒரு கொம்பியூட்டர் நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். மூன்று கொம்பியூட்டர்; அதில் இரண்டு வேலை செய்யும், மின்சாரம் இருந்தால். என் தகுதி ஒரு மூன்று மாதச் சான்றிதழ். காலை வகுப்பில் பதினெட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் எத்தாளை ஊர் ஸக்கியா. 'சேர்' என்று பெயர் வாங்கியது நான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "கடல்நீர்க் களப்பின்மேல் மாலைச் சூரியன் செம்பிழம்பாய்ச் சரிந்துகொண்டிருந்த வேளையில், ஸக்கியா தன் எதிர்காலத்தை..."

வேண்டாம். [புத்தளம் பக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் சூரியன் களப்பில் விழுந்துவிடுகிறது.] அப்போது காலை பத்து மணி. சூரியன் நிலையத்தின் தகரக் கூரைமேல்தான் இருந்தது.

இரண்டாம் முயற்சி: கத்தாரில், தோகாவில் வேலை பார்க்கும் பதுர்தீன் என்பவருக்கு ஸக்கியாவைக் கலியாணம் பேசினார்கள். அவர் படம் கேட்டார். தபாலில் அனுப்ப வாப்பா முத்தலிபு மறுத்துவிட்டார். "எத்தன பேர்ர கையில போகும்!"

மாமா நூஹுதான் வழி கண்டார். "கொம்பியூட்டர்ல ஒரு பக்கம் செஞ்சி அனுப்புவம் மச்சான். மாப்புள மட்டும் தெறந்து பாப்பாரு."

இது சுமார். இருக்கட்டும்.

3.

ஸக்கியா, கடிதம் அடிக்கிற அதே வேர்டில் பக்கத்தை எழுதினாள். பெயருக்குக் கீழே, முக்காடிட்ட தன் படத்தைச் சேர்த்தாள். படம் வந்து குந்தியதும் எழுத்தெல்லாம் ஓரமாக ஓடி ஒதுங்கின. பின்னால் வாப்பா நின்று மேற்பார்வை.

"நம்மட போட் படத்தயும் போடு மகள்."

"மாப்புள போட்டயா கலியாணம் முடிக்கப் போறாரு?" என்றார் மாமா.

"நாம ஆரெண்டு தெரியவேணாமா?"

படகும் ஏறியது, மணப்பெண்ணைவிட இரண்டு மடங்கு பெரிதாக. பிறகு வாப்பாவின் விரல் 'படிப்பு' என்ற சொல்லில் வந்து நின்றது.

"இதுக்கு மட்டும் ஏன் நீலத்துல கோடு?"

"அது முக்கியமானது வாப்பா."

"அப்ப போட்டுக்கும் ஒரு கோடு போடு."

போட்டாள், கறுப்பில். அது வெறும் கோடு. நீலக் கோடு வேறு ரகம். அதை அமத்தினால் இன்னொரு பக்கம் திறக்கும். வாப்பா வருமுன்பே அவள் எழுதிவைத்திருந்த அந்த இரண்டாம் பக்கத்தில் நான்கு வரி:

'கலியாணத்துக்குப் பிறகும் நான் நிலையத்தில் படிப்பிப்பேன். வீட்டில் இருத்திவிடுவதாக வாப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். எனக்கு அதில் சம்மதமில்லை. உங்களுக்கு இதில் சம்மதமில்லையென்றால் இத்தோடு மூடிவிடுங்கள்.'

[வாப்பாவை வில்லனாக்க இரண்டு தடவை முயன்றேன். ஒரு வரைவில் மீசைகூட வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. தினமும் அவளைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து விடுபவர் அந்த மனிதர்தான். கலியாணம் மட்டும் அவர் மூளையில் தனி அறை; அதற்குள் அவர் வேறு ஆள்.]

4.

இனி என் திருப்பணி. பக்கத்தை இணையப் பக்கமாகச் சேமித்தபோது அருகிலேயே ஒரு கோப்புறை தானாக முளைத்தது. கொம்பியூட்டர் போடும் குப்பை என்று முடிவுகட்டி, பக்கத்தை மட்டும் பிளொப்பியில் ஏற்றினேன்.*

வகுப்புக்கு நடுவிலிருந்து ஸக்கியா கேட்டாள்: "எல்லாம் ஏறிட்டா சேர்?"

"எல்லாம் ஏறிட்டு."

படங்கள் இருந்தது அந்தக் குப்பைக்குள். இரண்டாம் பக்கம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டும் கல்பிட்டியிலேயே தங்கிவிட்டன.

பிளொப்பியை மாமா புத்தளத்துக்குக் கொண்டுபோய் ஈமெயிலில் அனுப்பினார். வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. ஆமிக்காரர் பிளொப்பியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டாராம்.

"என்ட மருமகள்" என்றாராம் மாமா.

ஆமிக்காரர் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

* தமிழ் எழுத்துருவை மறக்காமல் சேர்த்து அனுப்பினேன். என் மூளை வேலை செய்த ஒரே இடம் என்பதால் அடிக்குறிப்பில் பதிந்துவைக்கிறேன்.

5.

வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, டெலிபோன் பேசும் கொமியுனிகேஷன் கடைக்குத் தோகாவிலிருந்து பதுர்தீனின் அழைப்பு. வாப்பா, மாமா, ஸக்கியா. நிபுணன் என்று என்னையும் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வாப்பா ரிசீவரில் கேட்டதை எங்களுக்கு ஒலிபரப்பினார். "படமில்லயாம். ரெண்டு பெட்டி இரிக்காம், சின்னதும் பெரிசும். ரெண்டிலயும் செவப்பால வெட்டிப் போட்டிரிக்காம்."

[சிவப்புப் பெருக்கல் குறியை வைத்து இந்த இடத்தில் ஒரு பத்தித் தத்துவம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.]

"இன்னொண்டு கேக்காரு. நீல எழுத்த அமத்தினா ஒண்டும் தெறக்குதில்லயாம். அதுக்குள்ள என்ன?" வாப்பா என்னைப் பார்த்தார். "என்ன சேர் அது?"

ஸக்கியாவின் முகத்தைப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முடிவு (அ): நான் "அது சும்மா அலங்காரம்" என்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். கலியாணம் நடக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகளும் என்னிடம் படித்து...

ஐயோ, வேண்டாம்.

நடந்தது: "அது சும்மா அலங்..." வரை நான் சொன்னேன்.

"அலங்காரமில்ல. போனத் தாங்க வாப்பா."

கடையில் யாரோ இருமினார்கள். அவள் ஸலாம் சொன்னாள். பிறகு நான்கு வரியையும், எழுதிய ஒழுங்கிலேயே, ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். 'வாப்பா சொல்லியிருப்பார்' என்ற இடத்தில் மட்டும் குரல் ஒருகணம் இறங்கி ஏறியது.

"இதயா ஒளிச்சி வெச்ச?" என்றார் வாப்பா. கோபமா, என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

"ஒளிக்கல்ல வாப்பா. நீங்க அமத்திப் பாக்கல்ல."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, செருமி விழுங்கினார். வாப்பா ரிசீவருக்குக் கை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

6.

பதுர்தீனுக்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் வீரர், ஒன்றில் கோழை, ஒன்றில் லைன் அறுந்துபோகிறது. மூன்றிலும் கேட்டது என் குரல்தான். ஏற்கெனவே ஒருதடவை அவளிடம் 'எல்லாம் ஏறிட்டு' என்றவன் நான். இன்னொரு தடவை துணியமாட்டேன்.

ஆகவே ரிசீவரை நீங்கள் பிடியுங்கள். நீங்கள் தோகாவில் நிற்கிறீர்கள். அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்கும்; காத்திருக்கிறாள். ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை. உம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.