ஏழாம் பீப்பாய்

தன் முழங்கால் இரண்டையும் கெடுத்த கடவுள், ஈடாக நல்ல நாக்கைக் கொடுத்தார் என்பான் என் தம்பி எலியகுண்டா. மராங்கு மலைச் சரிவில் எங்கள் தோட்டத்துப் பேஷன் பழத்திலும் வாழைப்பழத்திலும் வைன் போடுகிறோம். நூறு வைனைக் கலந்து வைத்தாலும் தன்னுடையதை ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவானாம். புட்டி கழுவுகிறவள் நான். எனக்கு நாக்கு பேசுவதற்கு மட்டும்தான் என்பது அவன் கட்சி.

அவன் பீப்பாய்ப் பக்கம் போயே ஆறு வருஷமாகிறது. பறிப்பது, பிழிவது, ஊறவைப்பது, வடிப்பது எல்லாம் அவன் மகள் ஐகாண்டே. மோஷி கண்காட்சியில் பரிசு வாங்கியதும் அவள் போட்ட ஏழாம் பீப்பாய்தான். கோப்பையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவன் மட்டும் தம்பி.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் சுரைக்குடுவையில் பானம் கொண்டுவர வேண்டும். தகப்பன் ஒரு வாய் குடித்துவிட்டுக் குடுவையை மனைவியிடம் கொடுத்தால் சம்மதம். தரையில் வைத்தால் வந்த வழியே போகலாம். கீழூர் வாத்தியார் எலினாமி ஐகாண்டேவைக் கேட்டு மூன்று தடவை வந்தான். மூன்று குடுவையும் தரைக்குப் போயின. ஒன்று புளிப்பு, ஒன்று புகை வாசம், மூன்றாவதில் கால்கூடக் கழுவ முடியாதாம். அவள் போய்விட்டால் பீப்பாயை யார் பார்ப்பது என்ற பயத்துக்குத்தான் தம்பி நாக்கு என்று பேர் வைத்திருந்தான். ஐகாண்டேவுக்கோ இருபத்தொன்பது முடிந்துவிட்டது.

நாலாம் தடவை வந்தபோது எலினாமியின் அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"இதுதாங்க கடைசி. இன்னிக்கும் தரையில வெச்சீங்கன்னா வேற வீடு பாத்துக்கறோம்."

எங்கள் வைனை வாங்கும் மோஷி ஓட்டல்காரரும் அன்று விருந்தாளி. ஆள் கூடினால் தம்பிக்கு நாக்கு இன்னும் நீளும். குடுவையை முகர்ந்தான், கண்ணை மூடினான், ஒரு வாய் இழுத்தான், துப்பினான்.

"என்னய்யா இது, மாட்டுக்கு வெச்ச கழனித் தண்ணியா? எந்தப் புண்ணியவான் போட்டது?"

"நான்தாம்பா," என்றாள் ஐகாண்டே.

"நீ ஏன்மா குறுக்க பேசற?"

"கேட்டீங்க, சொல்றேன். இது நம்ம ஏழாம் பீப்பா. நேத்து மத்தியானம் நான்தான் வடிச்சு இவங்களுக்குக் குடுத்தனுப்பினேன். அத்தை குடுவையக் கழுவிக் குடுத்தாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் கழுவினேன்டா தம்பி," என்றேன். "குடுவை மேல பழி போடாத."

ஓட்டல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழாம் பீப்பாவா? அதுலதான நான் இருபது பெட்டி சொல்லியிருக்கேன்?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். கழனித் தண்ணி என்றால் பேர் போச்சு. நல்ல வைன் என்றால் மகள் போச்சு. தம்பி குடுவையை மறுபடி தூக்கி, நீளமாக ஒரு வாய் குடித்தான்.

"காலைல வெங்காயம் தின்னேன். அது குறுக்க வந்துருச்சு. அருமையா இருக்கு."

குடுவையை நீட்டினான். அவன் மனைவி முன்னமே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஐகாண்டே கல்யாணமாகிப் போய் எட்டு மாதமாகிறது. இந்த வருஷம் ஏழாம் பீப்பாயைத் தம்பியே போட்டான். ஓட்டல்காரர் ஒரு வாய் குடித்தார், தானும் வெங்காயம் தின்றதாகச் சொன்னார், போனார். திரும்பி வரவில்லை. கழனித் தண்ணி என்றால் இதுதான் கழனித் தண்ணி. தம்பி மட்டும் தினமும் ஒரு குவளை குடித்துவிட்டு அருமை என்கிறான். யாரும் கேட்காமலே சொல்கிறான்.

போன ஞாயிறு ஐகாண்டே வந்திருந்தாள். தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், தானே ஒரு குவளை வடித்து வந்தான்.

"உள்ளதச் சொல்லும்மா."

அவள் குடித்தாள். குவளை பாதி வழியில் கொஞ்ச நேரம் நின்றது. தரையில் வைத்துவிடுவாளோ என்று குவளையையே பார்த்தேன். அப்பனை அப்படிச் செய்ய அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு.

"அருமையா இருக்குப்பா," என்று அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா ஒரு வாய் குடித்து, முகம் கோணாமல் என்னிடம் நீட்டினாள். நானும் குடித்தேன்.