உயர்தரப் பதிவு

பாக்கியநாதன் அந்தப் பாட்டை இரண்டு வருடமாக ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவர் மனைவி மேரியின் உத்தரவு. "ஸ்நேகா கல்யாணத்தன்னிக்குத்தான் போடணும். அதுக்கு முன்னாடியே கேட்டுக்கினு, அழுதுகினு ஒக்காரக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் அவள் கண்ணை மூடினாள்.

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் மேரி மைக்கை எடுப்பாள். இருபது வருடமாக அவள் பாடாமல் எந்தப் பெண்ணும் பீடத்தண்டை போனதில்லை. பக்கவாத்தியத்துக்கெல்லாம் ஆள் கிடையாது. பேர்பெற்ற பாடகி ஒருத்தி பாடி வெளிவந்த பாட்டில் குரலை மட்டும் எடுத்துவிட்டு, வெறும் இசையைத் தனியாக விற்பார்கள்; அதற்கு டிராக் என்று பெயர். அதை ஓடவிட்டு அதன்மேல் பாடுவது. அக்கம்பக்கத்துச் சபைகளிலும் இதே கதைதான்.

மகள் ஸ்நேகா கல்யாணம் வரை தாங்க மாட்டோம் என்று தெரிந்ததும் மேரி, சபைக்கு எப்போதும் சவுண்ட் செட் போடும் பழவேற்காட்டு சிராஜை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவன் டிராக்கை ஓடவிட்டான். பாக்கியநாதன் தன் செல்போனில் பதிவு செய்ய, அதை அவள் வாயருகே பிடித்துக்கொண்டார். இருமல் விடவில்லை. மூன்றாம் நாள்தான் பாட்டு முழுதாகக் கிடைத்தது. கடைசி வரிக்கு முன்னால் லேசாக ஒரு இருமல். "பரவால்ல, உடு, என் பொண்ணுதானே" என்றாள்.

சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்பவருக்குச் செல்போன் எத்தனை நாள் உழைக்கும்? என்றைக்காவது போய்விட்டால் பாட்டும் போய்விடுமே என்று அவருக்கு ஒரே பயம். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பாட்டு ஆப் விளம்பரம் காட்டியது. உங்கள் பாடல்களை எங்களிடம் ஏற்றுங்கள், போன் உடைந்தாலும் அவை என்றென்றும் உங்களுடையவை என்று நல்ல தமிழிலேயே சொன்னது. வருடச் சந்தா கட்டி ஏற்றினார். 'பத்திரமாகச் சேர்ந்துவிட்டது. போனில் உள்ள பிரதியை நீக்கி இடத்தைக் காலி செய்யட்டுமா?' என்று கேட்டது. என்ன மரியாதை பாருங்கள்! மனுஷன் 'ஆம்' என்று அமுக்கினார்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு ஆலயத்தில் ஸ்பீக்கரை மாட்டி முடித்த சிராஜ், "பாட்ட ஒரு தபா போட்டுப் பாத்துக்கலாம்ணே" என்றான். கேட்க வேண்டாம் என்று வெளியே நழுவப் பார்த்த பாக்கியநாதன், முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, இது மேரியக்கா இல்ல" என்றான் சிராஜ்.

மறுபடி போட்டார்கள். திரையில் மேரியின் பெயர்தான் இருந்தது. பாடியது அந்தப் பேர்பெற்ற பாடகி. இருமல் வரவேண்டிய இடத்தில் குரல் வழுக்கிக்கொண்டு போனது.

ஆப்பின் உதவிப் பக்கத்தில் கேட்டார்கள். மனுஷர் இல்லை, யந்திரம்தான் பதில் எழுதியது. தங்கள் பாடல் எங்கள் பட்டியலில் உள்ள பாடலுடன் பொருந்தியதால் உயர்தரப் பதிவாக மாற்றப்பட்டுள்ளது என்றது. இரண்டு பாட்டுக்கும் டிராக் ஒன்றுதானே, அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டதாம். 'அது என் மனைவி பாடினது. அதையே திருப்பிக் கொடுங்கள்' என்று பாக்கியநாதன் எழுத்துக்கூட்டி அடித்தார். மாற்றிய பிறகு பழைய பிரதி வைத்திருக்கப்படுவதில்லை, தாங்கள் ஒப்புக்கொண்ட விதிகளைப் பார்க்கவும் என்றது. கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. வெட்கங்கெட்ட ஜென்மம்.

"நம்பிக் குடுத்தேன்டா சிராஜு," என்றார். "திருடன் ஊட்டுக்குள்ள பூந்து எடுத்துக்கினு போயிருந்தாகூட மனசு ஆறிடும். பத்திரமா வெச்சிக்கிறேன்னு கையில வாங்கிக்கினு, அவள அழிச்சிட்டானுங்களே!" உலைமுன் நின்று பழகிய மனுஷர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சிராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இதயே போட்டுடலாமாண்ணே? அந்தம்மாவும் நல்லாத்தான் பாடிக்கிது. பேஜாரு இல்லாம முடிஞ்சிடும்."

"வேணாம். என் ஊட்டுக் கல்யாணத்துல எவ பாடணும்னு அந்தக் கம்பெனிக்காரன் சொல்லக் கூடாது. உன்னாண்ட வெறும் டிராக்கு இருக்குதில்ல? அதப் போடு."

"பாட்டு யாரு பாடறது?"

"யாரும் பாட வேணாம்."

மகளிடம் சொல்ல நினைத்தார். பியூட்டி பார்லரிலிருந்து வந்து அவள் சிரித்துக்கொண்டே காரை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் சொல்லாமலே விட்டுவிட்டார். பத்தரை மணிக்கு ஆலயமே எழுந்து நின்றது. சிராஜ் டிராக்கை ஓடவிட்டான். அந்த முன்னிசையைக் கேட்டதும் பாடகர் குழுப் பெண்கள் அப்போதே கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்கள். ஸ்நேகா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்மா பாடத் தொடங்கியதும் முதல் அடி வைக்க வேண்டும் என்று நேற்றே சொல்லி வைத்திருந்தாள்.

குரல் வரவேண்டிய இடம் வந்தது. இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. முதல் வரி போயிற்று, இரண்டாம் வரியும் போயிற்று. பீடத்தண்டை நின்ற மாப்பிள்ளை இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்நேகா அடி எடுத்து வைக்கவில்லை.

"நைனா, அம்மா இன்னும் ஆரம்பிக்கலியே?" என்றாள் மெதுவாக.

"அம்மா பாடாதும்மா," என்றார் பாக்கியநாதன். "நான்தான் அவனுங்க கையில எடுத்துக் குடுத்துட்டேன்."

அவள் முழுதாகப் புரிந்துகொண்டாளா தெரியாது. ஆனால் அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த கை அவர் கையிலிருந்து நழுவியது. பாட்டு முடிவதற்குள் போயாக வேண்டும். அவள் முன்னால் நடந்தாள். பாக்கியநாதன் ஓரடி பின்னால் போனார்.