நிமிடத்துக்குப் பதினெட்டு அலைகள்

ஓசூர் சிப்காட்டில், பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையின் பின்புறத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். மனித இதயம் எழுப்பும் காந்தப்புலத்தை மார்பைத் தொடாமலே அளக்கும் மீக்கடத்தி உணரி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. வடிவமைப்பு பொறியாளர் பிரியதர்ஷினியுடையது. தலைமுடியினும் மெல்லிய நயோபியம் கம்பியை இரண்டு சுருள்களாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றித் திரவ ஹீலியத்தில் அமிழ்த்த வேண்டும். தொலைவில் ஓடும் நெடுஞ்சாலை லாரிகளின் புலம் இரண்டு சுருள்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுந்து ரத்தாகிவிடும். அருகிலிருப்பது மட்டுமே வித்தியாசமாக மிஞ்சும். பெரியதைப் பொருட்படுத்தாமல் சிறியதைக் கவனிக்கும் கருவி என்பதால், அந்த நிறுவனத்தின் மரபுக்கு அது தொடக்கத்திலிருந்தே ஒவ்வாததாக இருந்தது.

சுருள்களைச் சுற்றியவர் காத்தூன். கெலமங்கலத்திலிருந்து வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளி.

மூன்று நாள்களாகத் திரையில் இதயம் தெரியவில்லை. நிமிடத்துக்குப் பதினெட்டு முறை ஒரு பெரிய அலை எழுந்து தணிந்தது. தாம் இல்லாமல் சோதனை நடக்கக் கூடாதென்பது நிர்வாக இயக்குநர் குருமூர்த்தியின் உத்தரவு. அவர் இருக்கையில் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள், திரையை அல்ல.

யாரிடமோ உள்ள உலோகமோ காந்தமோதான் காரணம் என்று, தர மேலாளர் மாதவன் காந்தவேட்டையை முறைப்படி அடிமட்டப் பதவியிலிருந்து தொடங்கினார். காவலர் திம்மராயனின் பெல்ட் கழற்றப்பட்டது. சோதனைக்காக உணரியின் கீழ் மரக்கட்டிலில் படுப்பவரும் அவரே. கட்டிலுக்கு வரும்போதெல்லாம் கால்சட்டையைக் கையால் பிடித்தபடி வந்தார். தேநீர்க் கேன் வெளியேற்றப்பட்டது. காத்தூனின் ஊக்குகள், பிரியதர்ஷினியின் மூக்குக்கண்ணாடி என்று ஏறிய வேட்டை, மேலாளர் பதவியை எட்டியதும் மரியாதை கருதி நின்றது.

நான்காம் நாள் மாதவன் முடிவை அறிவித்தார். "சுருள்தான் சார் கோளாறு. கைவேலை பாருங்க, அப்படித்தான் இருக்கும்."

"நாளைக்கு பெங்களூர்ல இருந்து கமிட்டி வருது. உன்னால என் மானம் போவுது," என்று குருமூர்த்தி காத்தூனைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட் பாஸை வெச்சுட்டுக் கெளம்பும்மா."

காத்தூன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அதைப் பாருங்களேன். சார் சத்தம் போட்டா அலை வேகமா ஆடுது."

பிரியதர்ஷினி எண்ணினார். இருபத்தாறு. பிறகு இயக்குநரின் சட்டைக்குள் ஏறி இறங்கும் வயிற்றைப் பார்த்தார்.

"சார், இடுப்புல என்ன கட்டியிருக்கீங்க?"

"முதுகுவலிக்கு. காந்த பெல்ட்." குருமூர்த்தியின் குரல் இறங்கியது. "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் ஆறடி தள்ளித்தானே நிக்கறேன்?"

"என் ஊக்கு ரெண்டையும் வாசல்லயே அவுத்து வெக்கச் சொன்னீங்களே சார்," என்றார் காத்தூன்.

"சார் பெல்ட்டு நல்ல குவாலிட்டியா இருக்கும்," என்றார் மாதவன் அவசரமாக. "அதெல்லாம் டிஸ்டர்ப் பண்ணாது."

"இப்போ பாருங்க. நான் மூச்சே விடல. அப்பவும் அந்த அலை வரும்," என்ற குருமூர்த்தி, தம் குற்றமின்மையை நிரூபிக்க வயிற்றை உள்ளிழுத்து மூச்சை அடக்கினார்.

அலை படுத்துவிட்டது. சமனான அந்தக் கோட்டிலிருந்து சிறிய, கூரிய முனை ஒன்று எழுந்தது. சீரான இடைவெளியில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"என்னுதுங்களா மேடம்?" என்றார் கட்டிலில் கிடந்த திம்மராயன்.

"உங்களுதுதான். ஆடாம படுங்க." பிரியதர்ஷினி பதிவு விசையை அழுத்தினார். "சார், இன்னும் இருபது செகண்ட் அப்படியே இருங்க. சுருள் பிரமாதமா வேலை செய்யுது."

குருமூர்த்தியின் முகம் சிவந்துகொண்டு வந்தது. மாதவனும் மரியாதை கருதித் தம் மூச்சை அடக்கிக்கொண்டார். காத்தூன் மேசையிலிருந்த கேட் பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.