வெட்டுப்பட்ட வினைமுற்று

ஊரே 'கூலிங்' என்று கூப்பிடும் அவர் ஒரு ஏ.சி. மெக்கானிக். இயந்திரங்களின் நாடியைப் பிடித்துப் பிடித்து, மனிதர்களின் நாடியும் பிடிபட்டுவிட்டதாக அவருக்கு ஒருநாள் தோன்றியது. "உடம்பும் ஒரு ஏ.சி.தான், ஃபில்டரைக் கழுவினா போதும்" என்று வீடியோ போட்டார். இரண்டு லட்சம் பேர் கழுவத் தயாரானார்கள்.

அதில் ஒரு அம்மாள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் கைகால் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மகன் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். நாளை விசாரணை. கூலிங்கும், அவர் வீடியோக்களை வெட்டி ஒட்டும் தங்கை புருஷனும் வக்கீலம்மாவின் அறையில், ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கீலம்மா வீடியோவை ஓட்டினார். "பிரஷர் மாத்திரையை நிறுத்திடலாம்" என்றார் திரையிலிருந்த கூலிங். அத்துடன் முடிந்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல மேடம்! 'நிறுத்திடலாம்னு நினைக்காதீங்க'ன்னு சொன்னேன். மாப்ள, வாலை எங்கய்யா காணோம்?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள முடிக்கச் சொன்னீங்களே மச்சான். கடைசில கொஞ்சம் நறுக்கினேன்."

"நம்ம மொழில 'வேணாம்'ங்கறதே கடைசிலதான்யா வரும்! முன்னாடி வெட்டக் கூடாதா?"

"முன்னாடி வணக்கம் சொன்னீங்க. மரியாதையா இருக்கட்டும்னு விட்டேன்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "வெட்டாத ஒரிஜினல் இருக்கா?"

இருந்தது. கூலிங்கின் முகத்தில் ரத்தம் ஏறியது. மாப்பிள்ளையின் முகத்திலிருந்து இறங்கியது.

ஓட்டினார்கள். "நிறுத்திடலாம்னு நினைக்காதீங்க." கூலிங் மேசையைத் தட்டினார். திரையிலிருந்த கூலிங்கோ இன்னும் முடிக்கவில்லை: "பாதியா உடைச்சுப் போட்டாலே போதும்."

வக்கீலம்மா வீடியோவை அங்கேயே நிறுத்தினார்.

"டிகிரி இல்லாம மருந்தோட அளவையே சொல்லியிருக்கீங்க" என்றார் வக்கீலம்மா. "'இது மருத்துவ ஆலோசனை அல்ல'ன்னு கீழ பொடி எழுத்துல போட்டா விட்டுடுவாங்களா?"

மாப்பிள்ளையின் விரல் அழிக்கும் பொத்தான் பக்கம் நகர்ந்தது.

"அழிச்சா அது தனி கேஸ். ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். வெளில இருக்கற வீடியோவை மறைச்சிடுங்க. ஒரு எழுத்து எழுதக் கூடாது. எது எழுதினாலும் ஒப்புதல் வாக்குமூலம்."

மறைக்கப் போன கூலிங்கின் கண்ணில், வீடியோவுக்குக் கீழே சற்றுமுன் யாரோ கேட்டிருந்த கேள்வி பட்டது: 'அண்ணா, அப்பாவுக்கு நேத்தே மாத்திரையை நிறுத்திட்டோம். தலை சுத்துதுங்கறார். நல்ல அறிகுறிதானே?'

"மேடம்..."

"எழுதாதீங்க. உள்ள போயிடுவீங்க."

"மச்சான், உங்க தங்கச்சியை நினைச்சுப் பாருங்க" என்றார் மாப்பிள்ளை, தன்னை நினைத்துக்கொண்டு.

"மறைச்சிட்டா அந்தப் புள்ள யாருகிட்ட கேட்கும்?"

கூலிங்கின் கட்டைவிரல் எழுதியது: 'நான் சொன்னது தப்பு. நான் ஏ.சி. ரிப்பேர் பண்றவன். அப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.'

அனுப்பினார். மூவரும் திரையையே பார்த்தார்கள்.

'கிளம்பிட்டோம்ணா.'

வக்கீலம்மா அதைத் தன் கைபேசியில் படமெடுத்தார்.

"இது நமக்குச் சாதகமா மேடம், பாதகமா?" என்று கேட்டார் கூலிங்.

"ஜட்ஜைப் பொறுத்தது" என்றார் வக்கீலம்மா. "இப்ப மறைங்க."