பின்னட்டை

“அ... ணை. அணை. இ... டி... யப் போ... கி... றது” என்று படித்து முடித்துவிட்டு, பம்புக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அந்த ஒரு வரிக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

“யாருப்பா சொல்றாங்க?” என்று கட்டிலில் கிடந்த மகன் கேட்டான். கண்ணைத் திறக்கவில்லை.

“அந்தக் கறுப்புத் துணி போட்ட பொண்ணு.”

“நிழலி.”

“என்ன பேரோ. மூணு பக்கமா இடியப் போகுது, இடியப் போகுதுன்னுட்டே நிக்கிறா. ஆறு பேரு இருந்து ஒருத்தனுக்கும் மதகைத் திறந்துவிடத் தோணல. தண்ணியைக் குறைச்சா சுவரு தன்னால தாங்கும். குழாயைத் தொட்டே பார்க்காதவன் எழுதினா இப்படித்தான்.”

“அஞ்சு பேருதான். தூணன் போயிட்டான்ல.”

“ஆமா. கோவிச்சுக்கிட்டுப் போனவன்.”

மகனின் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் அகன்றது. இப்போதெல்லாம் அவனுடைய சிரிப்பு அவ்வளவுதான்.

சுவரோரம் பத்துப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் ‘வான்காவல் அணி’ படக்கதைகள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். பதினொன்றாவது பம்புக்காரரின் மடியில் இருந்தது. மகன் பள்ளி வேன் ஓட்டியவன். இருபது வருடம் வேனில் ஏறிய பிள்ளைகளுக்கெல்லாம் இந்த ஆறு பேரின் கதையைத்தான் சொல்லிக்கொண்டு போனான். நாற்பத்தெட்டு வயசில் நுரையீரல் படுத்துக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னபோது, “ஏன், படுக்கை காலி பண்ணணுமா?” என்று கேட்டவர் பம்புக்காரர். டாக்டர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத ஆளை அவர் அதற்குப் பிறகு நம்பவில்லை.

எவரையும் அவர் லேசில் நம்பியது கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, கொண்டுவந்து மாட்டியவன் படியிறங்குவதற்குள், இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார். பிறகும் விரலை வைத்து ஒரு சுற்று ஓட்டினார். ஐம்பது வருடம் பம்பும் குழாயும் பார்த்த கை. காகிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாலும் சரி, விரல் சொன்னால்தான் கசிவில்லை.

மகனுக்கு எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடத் தொடங்கியதும் மருமகள்தான் பத்துப் புத்தகத்தையும் படித்துக் காட்டினாள். அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “இதை அப்பா படிக்கட்டும்” என்று மகன் பதினொன்றாவதைக் காட்டினான். பம்புக்காரர் படித்தது மூன்றாம் வகுப்புவரை. அதுவும் பாதி நாள் போகவில்லை. முதல் நாள் படங்களைக் குறுக்காகப் பார்க்காமல் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனார். “அடி விழுறதுக்கு முன்னாடியே ஐயோன்னு கத்துறானே, இவன் என்ன ஜோசியக்காரனா?” என்று கேட்க, மகன் சிரித்துச் சிரித்து இருமலாகி, மருமகள் ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. அது நாலு நாளைக்கு முன்னால். இன்றைக்கு இருமுவதற்கும் அவனிடம் தெம்பில்லை.

மருமகள் மருந்துக் குப்பியோடு வந்து நின்றாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை.

“மாமா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படிங்க. அவரு எங்க போயிடப் போறாரு.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. குப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“போகல” என்றான் மகன். “முடிச்சிட்டுத்தான்.”

பம்புக்காரர் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். சுவரில் விரிசல் ஓடியது. அஞ்சு பேரும் தோளைக் கொடுத்துத் தாங்கினார்கள். ஒருத்தன் கால் வழுக்கியது. “தூ... ண... னைக் கூ... ப்... பி... டு... ங்கள்” என்று அவர் படித்தார். கூப்பிட்டால் வருவானா, வரமாட்டானா என்று அணித்தலைவன் தலையைக் குனிந்துகொண்டான். விரட்டியதே அவன்தான். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

“முடிஞ்சுபோச்சா?” என்று பம்புக்காரர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

“இன்னொரு பக்கம் இருக்குப்பா. அட்டையோட உள்பக்கம்.”

திருப்பினார்.

பின்னட்டையில் வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதன் நடுவில், வெட்டும்போது தனியாக விழுந்த சின்ன வட்டத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டியிருந்தான் மகன். இரண்டுக்கும் இடையில் வளையமாக ஒரு வெற்றிடம். கதை அதில் போயிருந்தது. ஓட்டையின் விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு. சுத்தியல் வழுக்கின இடம்.

யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அளவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டரை அங்குலக் குழாய். குழாயும் குழாயும் சேருகிற வட்டத் தகடுகளுக்கு நடுவில், கசியாமலிருக்க வைக்கிற பேக்கிங். அட்டையைத் தகட்டின் மேல் வைத்து ஓரமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் அளவு பிசகாமல் வெட்டு விழும். இந்தக் கட்டடத்துக்கே இரண்டு நாளாகத் தண்ணீர் ஏறாத சமயம் அது. கடை அடைத்திருந்தது. மூன்றாவது மாடியில் பச்சைக் குழந்தைக்காரி பானையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். நல்ல கனமான அட்டை வேண்டியிருந்தது. பையனின் புத்தகங்களில் கைக்கு எட்டியதில் ஒன்றை எடுத்தார். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். சாயங்காலம் வந்து ஏதாவது சொன்னானா என்று யோசித்துப் பார்த்தார். சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் அறை விழுந்திருக்கும்.

“என்னப்பா? படிங்க.”

பம்புக்காரர் மருமகளைப் பார்த்தார். அவள் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவர் புத்தகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“‘பயப்படாதீர்கள் நண்பர்களே, நான் வந்துவிட்டேன்’ என்று தூணன் சொல்கிறான். எல்லோரும் சேர்ந்து அணையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஊர் பிழைத்துவிட்டது.”

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிலிண்டரோடு சேர்ந்த கண்ணாடிச் சீசாவில் தண்ணீர் களகளவென்று குமிழிட்டது.

“அப்பா.”

“என்ன?”

“ஒரு எழுத்துலகூட நிக்கல நீங்க.”

பம்புக்காரர் புத்தகத்தை மடியில் இறக்கினார்.

“உனக்குத் தெரியுமா?”

“பன்னெண்டு வயசிலேயே தெரியும். கீழ இருக்கிற பம்புதானே.”

“எப்படிச் சொல்றே?”

“அன்னைக்குத்தானே தண்ணி வந்துச்சு.” அடுத்த வார்த்தைக்குக் கொஞ்ச நேரமாயிற்று. “போய்க் கையை வச்சுப் பார்த்தேன். சொட்டவே இல்ல.”

“ஏண்டா சொல்லல?”

மகன் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களை நம்புவதில்லை என்று இருந்த பம்புக்காரர், இந்தத் தடவை மறுபடி கேட்கவும் இல்லை.

“நடுவுல ஒரு கை மட்டும் இருக்கும் பாருங்க” என்றான் மகன். “ஒட்டி வச்சிருக்கேன்ல, அதுல. முப்பத்தாறு வருஷமா பார்க்கறேன். யாரு கைன்னு பிடிபடல. நீங்க பாருங்க.”

பம்புக்காரர் எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். சின்ன வட்டத்தில் ஒரு கை. மணிக்கட்டுக்குக் கீழே வெட்டுப்பட்டிருந்தது. சட்டையின் நிறம் தெரியவில்லை. பக்கத்தில் யாருடைய முகமும் இல்லை. பக்கத்தின் அடி மூலையில் ‘முற்றும்’ என்று மட்டும் இருந்தது. அந்த வார்த்தையை அவர் எழுத்துக்கூட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு தன் வலது கையை மேலே தூக்கி அதே மாதிரி வைத்துப் பார்த்தார். மருமகளுக்கு அது யாரையோ ஆசீர்வதிப்பது போலத் தெரிந்திருக்கும்.

“மணிக்கட்டு பின்னால மடிஞ்சிருக்கு” என்றார். “விரல் விரிஞ்சிருக்கு. நரம்பு போட்டிருக்கான் பாரு, கட்டை விரல் அடியில. இது இழுக்கிற கை இல்ல. அடிக்கிற கையும் இல்ல. தலைக்கு மேல பாரம் நிக்குது. மோட்டாரை ஒத்தை ஆளா ஏத்தி நிறுத்துறப்ப என் கை இப்படித்தான் போகும்.”

“அப்ப?”

“உங்க ஆளுங்க ஆறு பேர்ல பாரம் தூக்குறவன் யாரு?”

“தூணன்.”

“அப்புறம் என்ன? வந்துட்டான்.”

“நிஜமாவா? இல்ல எனக்காகவா?”

“எனக்குப் பொய் வராதுன்னு இப்பத்தானே பார்த்தே.”

மகனின் உதடு ஒரு பக்கமாக அகன்றது. அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மருமகள் பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்தாள். வெயில் ஜன்னல் சட்டத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. பம்புக்காரர் அவன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுத்து, நின்று, இழுத்து வந்தது. ஒரு முறை நின்றது. அடுத்ததற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சீசாவில் மட்டும் தண்ணீர் ஒன்றும் நடக்காதது போலக் குமிழிட்டுக்கொண்டிருந்தது.

பம்புக்காரர் எழுந்துபோய் வால்வை மூடினார். மூன்று சுற்று. நாலாவது சுற்று திரும்பாது என்று தெரிந்தும் திருகிப் பார்த்தார்.

அதுவரை சத்தம் போடாமலிருந்த மருமகள் அப்போதுதான் அழுதாள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வேனில் கூட வேலை பார்த்த இரண்டு டிரைவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் புத்தக அடுக்கின் பக்கமாக நின்றார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ டாக்டருக்குச் சொல்லப் போனார்கள்.

“குளிப்பாட்டணும்” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மருமகள் குழாயைத் திறந்தாள். ஒரு இழுப்பு வந்து நின்றுவிட்டது. காலையிலிருந்து யாரும் மோட்டார் போடவில்லை.

“பம்புக்காரரே, நீங்க உட்காருங்க. நான் போட்டுட்டு வர்றேன்” என்றார் தையல்காரர்.

“உனக்கு அந்த சுவிட்ச் மசியாது. போன மாசம் போட்டுட்டு, தெருவெல்லாம் தண்ணி விட்டவன்தானே நீ.”

தையல்காரர் ஒதுங்கி வழிவிட்டார். பம்புக்காரர் கதவுக்குப் பின்னால் தொங்கிய பையிலிருந்து டார்ச்சும் ஸ்பேனரும் எடுத்தார். ஸ்பேனர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் மட்டும் படிவரைக்கும் கூட வந்தாள்.

“மாமா.”

“ம்.”

“இதே புத்தகம் ஒரு தடவை பழைய புத்தகக் கடையில கிடைச்சுது. பதினொன்னாவது. முழுசா இருந்துச்சு. நானும் கூடத்தான் இருந்தேன்.”

“வாங்கலையா?”

“கையில எடுத்தாரு. பின்னட்டையைத் திருப்பல. அப்படியே வச்சுட்டு வந்துட்டாரு.” கட்டின தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஏன்னு கேட்டேன். நம்ம வீட்டுல ஒண்ணு இருக்குல்லன்னாரு.”

பம்புக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பம்பு படிக்கட்டுக்கு அடியில், குனிந்து போகிற இடத்தில் இருந்தது. மோட்டாரை இரண்டு தடவை மாற்றியாயிற்று. சுவிட்ச் மூன்றாவது. மேலே ஏறுகிற குழாயின் அந்த இணைப்பை மட்டும் முப்பத்தாறு வருடமாகப் பிரிக்க வேண்டி வரவில்லை. நாலு போல்ட்டுகளின் மேலும் பெயின்ட் தடித்துப் போயிருந்தது. தகடுகளுக்கு நடுவில் நகக்கண் அளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்பேனரை முதல் போல்ட்டில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அரைச் சுற்று கொடுத்தால் பெயின்ட் உடையும். அப்புறம் இன்னும் மூன்று போல்ட்டு. அதற்குள்தான் அந்த அட்டை வளையம் இருக்கிறது, எண்ணெயும் ஈரமும் தின்றது போக மிச்சம் ஏதாவது இருந்தால்.

மேலே யாரோ வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

ஸ்பேனரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுவிட்சைத் தட்டினார். மோட்டார் ஒரு தடவை உறுமி, பிடித்துக்கொண்டது. குழாய் அதிர்ந்தது. தண்ணீர் அவரைத் தாண்டி மேலே போனது. கொஞ்ச நேரத்தில் மொட்டைமாடித் தொட்டியில் அது விழும் சத்தம் தூரத்தில் கேட்டது.

இணைப்புக்கு அடியில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். டார்ச் வெளிச்சத்தில் விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.