திங்கட்கிழமைக் கையெழுத்து

வலது சுட்டுவிரல்தான் சட்டைக் கைக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பத்தொன்பது வருஷம் விக்கெட் கீப்பராக நின்று மூன்று தடவை முறிந்த விரல். உயிரோடு இருந்தபோதே மடங்காது, விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட பிறகா மடங்கப்போகிறது? "கடைசியிலயும் என்னைப் படுத்தாம போகமாட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே மனைவி அதை மெல்ல உள்ளே செலுத்தினாள். திங்கட்கிழமைகளில் மட்டும் அவரே இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்ளும் வெள்ளைச் சட்டை அது.

"அண்ணி, வேற சட்டை இல்லையா? இது ஸ்டேஷனுக்குப் போட்டுட்டுப் போறதாச்சே," என்றார் கொழுந்தன்.

"இன்னிக்குத் திங்கள்தானே." சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. பத்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கடிகாரம் பத்தரை காட்டியது.

ஆட்டத்தை விட்டுத் தேர்வுக்குழுவில் இருந்தபோது, சூதாட்டக் கும்பலுக்கு அணி விவரத்தைச் சொன்னார் என்று அவர்மேல் வழக்கு. ஜாமீன் கொடுத்த நீதிமன்றம் வாராவாரம் காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொன்னது. ஆறு வருஷம் ஓடிவிட்டது. "நான் சொல்லலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அவளுக்கு அது போதும். ஊருக்குப் போதுமா? கூட ஆடியவர்கள் போனை எடுக்கவில்லை. முன்பு தெருவில் கையெழுத்துக் கேட்டுப் பேனாவை நீட்டியவர்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தீர்ப்பு இனி வரப்போவதுமில்லை. மனுஷன் கெட்ட பேரோடு போகிறாரே என்பதுதான் விடிந்ததிலிருந்து அவள் நெஞ்சை அறுத்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

"சாவு வீட்டுக்குமா போலீஸ்!" கொழுந்தன் பல்லைக் கடித்தார்.

தடித்த பதிவேட்டோடு ஒரு போலீஸ்காரம்மா இறங்கினாள். "சார் ஒருநாளும் லேட்டானதில்லையே, உடம்புக்கு முடியலையோ, வீட்டுலயே கையெழுத்து வாங்கிக்கலாம்னு..." கூடத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் காலடியில் வெகுநேரம் நின்றாள்.

பிறகு தயங்கித் தயங்கிப் பதிவேட்டைத் திறந்தாள். "இறந்துட்டார்னு இதுல எழுதணும்மா. வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

மனைவி பக்கத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே மூன்று குச்சிகள், மேலே இரண்டு சின்னக் கோடுகள். ரசிகர்களுக்கு மட்டும் அவர் போட்டுக்கொடுக்கும் ஸ்டம்ப் படம். புரட்டப் புரட்ட அதேதான்.

"நான்தாம்மா கேட்டேன்," என்றாள் போலீஸ்காரம்மா. "பத்து வயசுல கிரவுண்டு வாசல்ல சாரோட கையெழுத்துக்காக வெயில்ல நின்னேன், கிடைக்கலை. முதல் வாரமே சொல்லிட்டேன், சார், எனக்கு ஸ்டம்பும் போடணும்னு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க! அதுக்கப்புறம் ஒரு வாரமும் விட்டதில்லை."

அடப்பாவி மனுஷா! திங்கட்கிழமை ஆனால் தலையைப் படிய வாரிக்கொண்டு போய், விசிலடித்துக்கொண்டே திரும்பி வருவாரே. "என்ன, மாமியார் வீட்டு விருந்தா?" என்று அவள் எத்தனை தடவை குத்தியிருக்கிறாள். ஒரு தடவையாவது வாயைத் திறந்தாரா?

அவள் போலீஸ்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும்மா. ஆறு வருஷமா அவரை ஆட்டக்காரராவே வச்சிருந்திருக்கே."

கொழுந்தன் எழுந்து போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அவர் சட்டைப் பையிலிருந்த மைப்பேனாவை எடுத்து, காட்டிய இடத்தில் மனைவி தன் பெயரை எழுதினாள். பேனா உடனே எழும்பவில்லை. கீழே மூன்று குச்சிகள் போட்டாள், கொஞ்சம் கோணலாக. மேலே இரண்டு சின்னக் கோடுகள்.

மை காயும்வரை போலீஸ்காரம்மா பதிவேட்டை மூடவில்லை.